பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தெலங் ரோடு வரை நடந்தால் கிளினிக், கோச்சிங் கிளாஸ், கேட்டரிங் ஆபீஸ், டிராவல்ஸ், டிரஸ்ட் அலுவலகம் என்று வரிசையாக வரும். இவற்றில் பல இடங்களில் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி போய்விட்டது. மூலையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடுகிறது. மேஜை மேல் ஐபி போன். இந்த இடங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) எடுத்துப் பார்க்கிறவர்கள் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. “ஆஸ்டரிஸ்க்குக்குள்ளயே ஒரு வெப் சர்வர் இருக்கு சார். ரொம்ப ரிஸ்க். முதல்ல அதை ஆஃப் பண்ணிடுவோம். பிரவுசர்லேர்ந்து பேசணும்னா கிளவுடுக்குப் போயிடுங்க, தலைவலியே இல்ல.”

கேட்பதற்கு அனுபவசாலியின் பேச்சு மாதிரி இருக்கிறது. டாக்டரும் தலையாட்டிவிடுகிறார், டிரஸ்ட் செயலாளரும் தலையாட்டிவிடுகிறார். பாதுகாப்பு என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்?

எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். இந்தப் பாடம் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறது. அது சொல்லும் மருந்து நோயைவிட மோசமான பழக்கங்களைக் கொண்டுவருகிறது. ஒரு கோப்பில் பத்து வரி படிக்கச் சோம்பல்பட்டு, ஒரு நிறுவனத்தின் தொலைபேசியையே ஊர்விட்டு ஊர் அனுப்பச் சொல்கிறது.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்று பார்த்துவிடுவோம். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் மென்பொருளில், 2006இல் வந்த 1.4 பதிப்பில் ஒரு குட்டி வெப் சர்வர் சேர்ந்தது. தொலைபேசி நிலையத்தை வெளியிலிருந்து இயக்கும் மேனேஜர் வாசலை, அதாவது ஏஎம்ஐ என்பதை, பிரவுசர் வழியாகவும் பேசவைப்பதுதான் அன்றைக்கு அதன் வேலை. 2012இல் 11ஆம் பதிப்பு வெப்சாக்கெட்டைக் கொண்டுவந்தது; பிரவுசரே போன் ஆகும் வழி அப்போது திறந்தது. 2013இல் 12ஆம் பதிப்பில் ஏஆர்ஐ வந்தது. அழைப்பை என்ன செய்வது என்று வேறொரு நிரல் முடிவெடுக்கும் ஏற்பாடு அது. மேஜை போன்கள் தங்கள் அமைப்பைத் தாங்களே இறக்கிக்கொள்ளும் வசதியும் இதே சர்வர் வழியாகத்தான்.

இந்த சர்வரை ஆள்வது ஒரே கோப்பு: எச்டிடிபி.கான்ஃப். அதில் ‘எனேபிள்ட்’ என்ற வரிக்கு யாராவது ‘எஸ்’ போடாதவரை சர்வர் எழுந்திருக்காது. கூடவே வரும் மாதிரிக் கோப்பில் கேட்கும் முகவரி 127.0.0.1 என்றுதான் இருக்கிறது. அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவரோடு மட்டும் பேசு, வெளியாள் கூப்பிட்டால் காது கேட்காதே என்று பொருள். எழுதியவர்கள் மூடித்தான் கொடுத்திருக்கிறார்கள். திறந்துபோட்டது நம்மவர்கள்.

இனி குற்றச்சாட்டுக்கு வருவோம். ‘பேப்பர்ல வந்ததே, பிபிஎக்ஸை ஹேக் பண்ணி வெளிநாட்டுக்குப் பேசிட்டாங்களே’ என்பார்கள். வந்தது உண்மை. 2020 நவம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு வருடத்தில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,200 நிறுவனங்களின் தொலைபேசி அமைப்புகள் தாக்கப்பட்டிருந்தன. உள்ளே நுழைந்தவர்கள் அந்த இணைப்புகளிலிருந்து காசு கொட்டும் எண்களுக்கு அழைத்தும், அழைக்கும் வசதியை விற்றும் சம்பாதித்தார்கள். எந்த வழியாக நுழைந்தார்கள்? 2019இல் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை வழியாக. அந்த ஓட்டை இருந்தது, ஆஸ்டரிஸ்க்கை நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற வேறொரு மென்பொருளின் நிர்வாகப் பேனலில். பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே விட்டது அந்தப் பேனல். அது பிஎச்பியில் எழுதப்பட்டது; அப்பாச்சி என்ற தனி வெப் சர்வரில் ஓடுவது.

2025 ஆகஸ்டிலும் இதே கதை. மறுபடி ஃப்ரீபிபிஎக்ஸ் பேனல். இந்த முறை மேஜை போன்களை நிர்வகிக்கும் அதன் ஒரு மாட்யூலில் ஓட்டை. பேனலை நம்பகமான முகவரிகளுக்கு மட்டும் திறந்துவையுங்கள் என்று அதைத் தயாரிக்கும் சங்கோமாவே அவசரமாகச் சொன்னது. இந்த இரண்டு சம்பவத்திலும் ஆஸ்டரிஸ்க்கின் உள் வெப் சர்வர் வாசலாக இருக்கவில்லை. ஆஸ்டரிஸ்க்கை வளர்த்த டிஜியம் நிறுவனத்தை 2018இல் வாங்கியதும் இதே சங்கோமாதான். அதனால் செய்தியில் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. படிக்கிறவர்கள் எல்லாமே ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வேடிக்கை என்னவென்றால், உள் சர்வரை ரிஸ்க் என்று அணைக்கிற அதே ஆள், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதியாக நிர்வாகப் பேனலை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து ஊருக்கே திறந்துவைத்திருப்பார். உண்மையில் திருடன் வந்த வழி அது.

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. ‘அது பொம்மை சர்வர், பெரிய சர்வர்களைப் போல அடி தாங்காது.’ சரிதான், தாங்காது. 2014 மார்ச்சில், குக்கீ தலைப்புகளை அளவுக்கு மீறி அனுப்பினால் ஆஸ்டரிஸ்க்கே விழுந்துவிடும் என்று தெரியவந்தது. அதே ஆண்டு ஜூனில் இன்னொன்று: இணைப்பைத் திறந்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், இடமெல்லாம் அடைபட்டு உண்மையான ஆளுக்கு வழி இருக்காது. 2018இல் வெப்சாக்கெட் பகுதியில் ஒரு கோரிக்கையாலேயே ஆஸ்டரிஸ்க்கை விழவைக்கும் குறை. மூன்றும் அறிவிக்கப்பட்டன, மூன்றும் திருத்தப்பட்டன. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. மூன்றுமே வெளியாள் அந்த சர்வரை நேரடியாகத் தொட முடிந்தால் நடப்பவை. 127.0.0.1இல் மட்டும் கேட்கிற சர்வரைத் தெருவிலிருந்து யாரும் தொட முடியாது. பொம்மை சர்வரைத் தெருவில் நிறுத்தாதே என்றுதான் இந்த வரலாறு சொல்கிறது. சர்வரே வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

அணைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பேட்டையிலேயே பார்க்கலாம். ஒரு கிளினிக். வரவேற்பில் இருக்கும் பெண் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அப்பாயின்ட்மென்ட் திரையைப் பார்த்தபடியே பிரவுசரில் பேசிக்கொண்டிருந்தார். யார் கூப்பிடுகிறார் என்று நோயாளியின் பெயர் திரையில் தானாக வரும். ஒரு நாள் இரண்டும் நின்றுபோயின.

“அண்ணா, ஹெட்செட்ல சத்தமே வரல. பேரும் வர மாட்டேங்குது.”

“அது செக்யூரிட்டிக்காக ஆஃப் பண்ணியிருக்கோம் மேடம். பேர் மட்டும் இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வந்துடும்.”

சாயந்திரத்துக்குள் பெயர் வந்தது. எப்படி? அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் இருப்பது வேறிடத்தில். முன்பு அது வெப் சர்வர் வழியாக அழைப்பு விவரத்தை வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதற்காக ரவுட்டரில் 5038 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது ஏஎம்ஐயின் நேரடி வாசல்; வழக்கமான அமைப்பில் அங்கே மறையாக்கம் கிடையாது, பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தாகப் போகும். மேனேஜர்.கான்ஃப் கோப்பில் அந்தக் கணக்குக்குப் படிப்பதிலும் ‘ஆல்’, எழுதுவதிலும் ‘ஆல்’. அந்தப் பாஸ்வேர்டைப் பிடித்தவன் அந்த கிளினிக்கின் லைனிலிருந்து எங்கு வேண்டுமானாலும் அழைப்பைப் போடலாம். பெயர் காட்டுவதற்குத் தேவைப்பட்டதோ ‘கால்’ என்ற ஒரே ஒரு படிக்கும் உரிமை. எழுதும் உரிமை எதுவுமே வேண்டாம். பாதுகாப்புக்காக ஒரு கதவைச் சாத்தியவர்கள், அன்று மாலையே சுவரை இடித்து வழி செய்திருந்தார்கள்.

இது அந்த ஒரு இடத்தின் குறை அல்ல. தேவை இருக்கும் இடத்தில் சரியான வழியை அடைத்தால் மக்கள் தவறான வழியில்தான் போவார்கள். பிரவுசரில் பேசுவதும், அழைப்பவர் பெயர் திரையில் வருவதும் ஆடம்பரம் அல்ல இன்றைக்கு. ‘அதெல்லாம் வேண்டாம்’ என்பது பதிலாகாது.

அப்படியென்றால் சரியான வழி எது? இதோ அந்தப் பத்து வரி. ‘எனேபிள்ட்’ எஸ். ‘பைண்ட் அட்ரஸ்’ 127.0.0.1. போர்ட் 8088. இங்கேதான் அவசரக்காரர்கள் 0.0.0.0 போடுவார்கள், இந்தக் கம்ப்யூட்டருக்கு எத்தனை முகவரி உண்டோ அத்தனையிலும் கதவைத் திற என்று அதற்கு அர்த்தம். டெஸ்டிங்குக்காகப் போட்டேன் என்பார்கள். டெஸ்டிங் முடிந்தும் அது அப்படியே கிடக்கும். ‘எனேபிள் ஸ்டாட்டிக்’ நோ. கோப்புகளைப் பரிமாறும் வேலை இந்த சர்வருக்கு வேண்டாம். புதிய பதிப்புகளில் நிலவரப் பக்கத்தை மறைக்க ‘எனேபிள் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி உண்டு, அதுவும் நோ. ‘சர்வர் நேம்’ வரியைக் காலியாக விட்டால், வந்து தட்டுகிறவனுக்கு இது ஆஸ்டரிஸ்க் என்று தானாக அறிமுகம் செய்துகொள்ளாது. ‘செஷன் லிமிட்’ என்பது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற எண். ஒன்றும் எழுதாவிட்டால் 100. பிரவுசர் போன் ஒவ்வொன்றும் இதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நூறு பேருக்கு மேல் உட்காரும் கால் சென்டரில் 101ஆவது ஆளுக்கு ஏன் போன் பதிவாகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘செஷன் இன்ஆக்டிவிட்டி’ 30,000 மில்லிசெகண்ட். சும்மா உட்கார்ந்திருப்பவனை 30 விநாடியில் எழுப்பிவிடும். 2014இல் பட்ட அடிக்கு வந்த மருந்து இது.

ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் கோப்பைக் கையால் திருத்தக் கூடாது; பேனல் அடுத்த முறை சேமிக்கும்போது அழித்து எழுதிவிடும். மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில் இதே வரிகளுக்கான கட்டங்கள் இருக்கின்றன. அங்கே மாற்றினால் நிற்கும்.

127.0.0.1இல் மட்டும் கேட்டால் வரவேற்பு மேஜையின் பிரவுசர் எப்படி வந்து சேரும் என்ற கேள்வி நியாயமானது. முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு முழு வெப் சர்வரை நிறுத்த வேண்டும். மாட்டுங்கா உடுப்பி ஹோட்டலில் சாப்பிட வருகிறவர் அடுப்படிக்குள் போவதில்லை. கேட்டது கவுன்டருக்கு வரும், கேட்கக் கூடாதது வராது. என்ஜின்எக்ஸ் அந்தக் கவுன்டர். 443இல் அது நிற்கும். வெப்சாக்கெட் பாதைக்கு வரும் கோரிக்கையை மட்டும் 8088க்குத் தள்ளும். ஏஆர்ஐ, ஏஎம்ஐ பாதைகளைக் கேட்டு வருகிறவனுக்கு ‘இல்லை’ என்ற பதில்தான். இதில் இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஆஸ்டரிஸ்க் பக்கமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். அது அதன் இயல்பான அமைப்பு. போன் ஒரு நிமிடத்தில் செத்துப்போகிறது, ஆஸ்டரிஸ்க் மோசம் என்று பழி சொல்வார்கள். படிக்கும் காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால் முடிந்தது விஷயம்.

சான்றிதழ் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. 2015 டிசம்பரில் வந்த குரோம் 47ஆம் பதிப்பிலிருந்து, எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு மைக் கிடையாது. வெறும் ஐபி முகவரியைத் தட்டி பிரவுசர் போனைத் திறந்துவிட்டு ‘சத்தம் போகல’ என்று புலம்புவதில் பயனில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. டொமைன் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபிக்கும் முறையில் வாங்கினால் கட்டடத்தின் எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம். ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும், புதுப்பித்ததும் சர்வரை ரீலோடு செய்யும் ஏற்பாடும் முதல் நாளே போட்டுவிட வேண்டும். போடாத இடத்தில் 91ஆம் நாள் காலை போன் அடிக்காது.

ஆபத்து எங்கேயுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மேஜை போன்கள் தங்கள் அமைப்பை இறக்கிக்கொள்ளும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல சமயம் அந்தக் கோப்பின் பெயரே போனின் மேக் முகவரிதான். உள்ளே எக்ஸ்டென்ஷன் எண்ணும் அதன் பாஸ்வேர்டும் இருக்கும். மேக் முகவரியின் முன்பாதி எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்பதைக் காட்டுவது; அது ஊரறிந்தது. பின்பாதியை ஒரு நிரல் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடும். இந்த வசதியை வெளியே திறந்துவைத்தவர் எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டுகளை வாசலில் ஒட்டிவைத்ததற்குச் சமம். தேவையில்லை என்றால் அந்த மாட்யூலையே ஏற்றாமல் விடலாம். தேவையென்றால் போன்களுக்கான உள் நெட்வொர்க்கோடு நிறுத்தலாம். எந்த ஆபத்துக்கு எந்த வரி என்று தெரிந்து செய்வதற்குப் பெயர்தான் பாதுகாப்பு.

இனி கிளவுட். ‘கம்பெனிக்காரன் பார்த்துப்பான்’ என்ற நம்பிக்கைக்கு 2023 மார்ச்சில் ஒரு பாடம் நடந்தது. உலகம் முழுக்க அலுவலகங்களில் ஓடும் 3சிஎக்ஸ் தொலைபேசி மென்பொருளின் டெஸ்க்டாப் செயலியில், அந்த நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு, வழக்கமான அப்டேட்டாகவே தீநிரல் வந்து இறங்கியது. வாடிக்கையாளர் செய்த தவறு ஒன்றுமில்லை. விற்றவர் அனுப்பியதை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். பெரிய கம்பெனி கையில் கொடுத்தால் ஆபத்து மறைவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது.

மாட்டுங்காவுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு: மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் பதிவான 944 மில்லிமீட்டரை விடுங்கள். சாதாரண ஜூலை மழைக்கே கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கும். மழையில் ஃபைபர் போனால் கிளவுட் பிபிஎக்ஸ் வைத்திருப்பவருக்கு மாடியிலிருக்கும் எக்ஸ்ரே அறையைக் கூப்பிடவும் வழியில்லை. கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போகிற அழைப்பும் எங்கோ ஒரு டேட்டா சென்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிலையம் கட்டடத்துக்குள் இருந்தால், ஒரு யூபிஎஸ் தாங்கும் வரை உள் எக்ஸ்டென்ஷன்கள் அடித்துக்கொண்டே இருக்கும்.

பொறுப்பும் இடம் மாறாது. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் தரவைச் சேகரித்தவரையே பொறுப்பாக்குகிறது. நோயாளியின் குரல் பதிவு வெளியே போனால் டாக்டர் ‘அது கிளவுடுக்காரன் தப்பு’ என்று ஒதுங்க முடியாது.

பல ஊரில் கிளை வைத்திருப்பவருக்கும், இரவு பகலாக ஆட்கள் மாறும் கால் சென்டருக்கும் கிளவுட் பொருந்தலாம். அது கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு. பத்து வரிக்குப் பயந்து எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது.

கடைசியில் எஞ்சுவது ஒரே ஒரு ஆட்சேபம், உண்மையானதும் அதுதான். ‘யார் உட்கார்ந்து பார்ப்பது?’ வேலை ஒன்றும் மலையளவு இல்லை. அப்டேட் வந்தால் போடுவது, சான்றிதழ் புதுப்பித்ததா என்று பார்ப்பது, லாக்கைப் புரட்டுவது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்குவது. ஏஎம்சி பணம் வாங்குகிறவர் இதற்குத்தானே வாங்குகிறார்? பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் குடியேறிய பேட்டை இது. ஆபீஸ் மெஷினைத் தெரிந்துகொண்டுதான் இங்கே வாழ்க்கை நடத்தினார்கள். 1923இலிருந்து விஜேடிஐ பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. இந்த ஊரில் பத்து வரி படிக்க ஆள் கிடைக்காது என்றால் நம்புவதற்கில்லை.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஏஎம்சி ஆள் வரும்போது ஆஸ்டரிஸ்க் திரையில் ‘எச்டிடிபி ஷோ ஸ்டேட்டஸ்’ என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சர்வர் எந்த முகவரியில் கேட்கிறது, எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று அது வரிசையாகச் சொல்லும். முகவரி 127.0.0.1ஆக இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் இது எதற்கு என்று கேளுங்கள். பிறகு மொபைல் டேட்டாவிலிருந்து 8088, அதே சர்வரின் மறையாக்க வாசலான 8089, 5038, நிர்வாகப் பேனல் நான்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுகூடத் திறக்கக் கூடாது. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் உங்கள் தொலைபேசியை நம்பிக் கொடுக்கலாம். தெரியாதவர் ‘ஆஃப் பண்ணிடலாம் சார்’ என்றால் ஏஎம்சியை வேறு ஆளுக்கு மாற்றுங்கள்.